சும்மா உட்கார ஓர் இடம்

புத்தகம் வெளிவந்தால் மதிப்புரை எழுதுகிறோம். நாடகம் போட்டாலும் கச்சேரி நடந்தாலும் சினிமாப் படம் வந்தாலும் அபிப்பிராயம் சொல்லப் பத்துப் பேர் முன்வருகிறார்கள். ஊருக்கு நடுவே ஒரு பூங்காவைத் திறந்துவைத்தால் மட்டும், திறந்தவர் பெயரும் செலவான தொகையும் பத்திரிகையில் வருவதோடு சரி. அந்தப் பூங்கா நன்றாயிருக்கிறதா இல்லையா என்று ஒருவரும் எழுதுவதில்லை. பூங்காவும் மனிதன் யோசித்துச் செய்த காரியந்தானே? எங்கே நிழல் விழவேண்டும், எங்கே பாதை திரும்பவேண்டும், யார் எங்கே உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதையெல்லாம் யாரோ ஒருவர் தீர்மானித்திருக்கிறார். அப்படித் தீர்மானித்துச் செய்த எதையும் விமரிசனம் செய்யலாம். செய்யவும் வேண்டும்.

எனக்கு இந்த எண்ணத்தை உண்டாக்கியவர் என் பெரியப்பா. உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி. எண்பது வயசைத் தாண்டியவர். கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று அவரை மதுரைக்கு அழைத்து வந்திருந்தேன். காலையில் கண்ணில் மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பெரிய டாக்டர் சாயங்காலம் நாலு மணிக்குப் பார்ப்பார், வந்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது மணி பதினொன்று. மருந்து விட்ட கண்ணுக்கு வெயில் ஆகாது. ஐந்து மணி நேரத்துக்காக லாட்ஜில் அறை எடுப்பது வீண் செலவு. காப்பி ஹோட்டலில் டம்ளர் காலியாகும்வரைதான் மரியாதை.

"ஏதாச்சும் மரத்தடியாப் பாருப்பா. செத்த நேரம் உக்காந்திருக்கலாம்" என்றார் பெரியப்பா.

அருகிலேயே ஒரு பூங்கா இருந்தது. பெயர் வேண்டாம். உள்ளே அருமையான வேம்புகளும் புங்க மரங்களும் இருந்தன. அடர்த்தியான நிழல். ஆனால் வாசற்கதவு பூட்டியிருந்தது. காலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, மாலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று பலகையில் எழுதியிருந்தார்கள். வெயில் ஏறாத வேளைகளில் திறப்பு. வெயில் கொளுத்தும் வேளையில் பூட்டு. நிழல் எப்போது தேவையோ அப்போது அது கம்பிக்கு உள்ளே இருக்கும். நாம் வெளியே இருப்போம். காவல்காரர் மட்டும் அந்த நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து மரியாதையாகத்தான் கேட்டார்:

"பெரியவரே, யாரைப் பாக்கணும்?"

"யாரையும் பாக்க வரலைப்பா. சும்மா உக்காரத்தேன் வந்தோம்."

"சும்மாவெல்லாம் உக்கார முடியாதுங்க. நாலு மணிக்கு மேல வாங்க."

அவர் மேல் குற்றமில்லை. அவருக்குக் கொடுத்த உத்தரவு அது. சற்றுத் தள்ளி இன்னொரு பூங்கா. அது திறந்திருந்தது, ஆனால் நுழைவுக் கட்டணம் உண்டு. பெரிய தொகையில்லை. நான் பையில் கைவிட்டேன். பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அய்யா காலத்துல மருதைக்கு வரணும்னா ராதாரிச் சீட்டு வாங்கிக்கிட்டு வரணும். அது ஒழிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். இப்ப மரத்தடியில உக்காரவும் சீட்டா?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராதாரிச் சீட்டு என்றால் என்னவென்று இந்தக் காலத்து வாசகர்களில் பலருக்குத் தெரிந்திராது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் கைரேகைச் சட்டம் என்பார்கள். பிறமலைக் கள்ளர்கள்மேல் அதை வெள்ளைக்கார சர்க்கார் ஏவிய காலத்தில், ஆண்பிள்ளைகள் கைரேகை பதியவேண்டும். இரவில் கண்காணிப்புக்கு ஆஜராகவேண்டும். ஊரைவிட்டு வெளியே போவதென்றால், எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று சொல்லி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். உசிலம்பட்டிக்கு அருகில் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள்மேல் போலீஸார் சுட்டார்கள், பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் ரத்தாயிற்று. "எதுக்கு வந்தே? எங்கே போறே?" என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை நடமாடியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் காதில் கேட்டு வளர்ந்தவரின் மகனுக்கு, "யாரைப் பாக்கணும்?" என்ற சாதாரண வார்த்தைகூட வேறு மாதிரி ஒலித்தால் ஆச்சரியமில்லை.

கடைசியில் நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் தமுக்கத்தில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் அரண்மனை என்று சொல்லப்படும் கட்டடம் அது. 1959-ல் நேரு வந்து அதை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். கட்டணம் கிடையாது. தோட்டத்தில் ஒரு மரத்தடியில் துண்டை விரித்துப் பெரியப்பா உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார், பிறகு தூங்கிப் போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. 1921-ல் இதே மதுரையில்தான் காந்தி மேல்சட்டையைக் கழற்றிவிட்டு அரைமுழத் துண்டுக்கு மாறினார். மேல்சட்டையில்லாத ஒரு சம்சாரி கேள்வியில்லாமல் தூங்குவதற்கு அவர் பேரால் ஒரு மரத்தடி கிடைத்தது பொருத்தமாகவே எனக்குப் பட்டது.

பெரியப்பா தூங்கிய நேரத்தில் நான் யோசித்தேன். பூங்காவை மதிப்பிட என்ன அளவுகோல்? பூக்களின் எண்ணிக்கையா? நீரூற்றின் உயரமா? இரவில் எரியும் வண்ண விளக்குகளா? எனக்குத் தோன்றிய அளவுகோல் ஒன்றுதான். காரணம் சொல்லாமல் ஒரு மனிதன் அங்கே உட்காரமுடியுமா? கடைத்தெருவில் நிற்க வேண்டுமானால் வாங்கவோ விற்கவோ வேண்டும். கச்சேரியில் வழக்கு இருக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் நோய் இருக்கவேண்டும். பஸ் நிலையத்தில் பிரயாணம் இருக்கவேண்டும். பெரிய நகரத்தில் ஒவ்வோர் அடி நிலமும் நம்மைப் பார்த்து "எதற்கு வந்தாய்?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்காத நிலம் கொஞ்சம் வேண்டும் என்பதற்காகத்தான் பூங்கா.

இது மேல்நாட்டிலிருந்து வந்த எண்ணம், நமக்கு வெளியே போய் உல்லாசமாக இருக்கும் பழக்கம் கிடையாது என்று சிலர் சொல்வதுண்டு. பரிபாடலைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மதுரை ஜனங்கள் வையையில் புதுவெள்ளம் வந்தால் வீட்டில் இருந்ததே இல்லை போலிருக்கிறது. திருப்பரங்குன்றத்துக்குக் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்கிறார்கள். யானைக்குக் கரும்பு நீட்டுகிறார்கள். மண்டபத்தில் எழுதியிருக்கும் ரதி மன்மதன் சித்திரங்களையும் அகலிகை கதையையும் காட்டி, இது யார், அது யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளோடு வெளியே கிளம்பும் குடும்பம் செய்வது இதைத்தான். புலவர் அதில் பக்தியையும் பார்க்கிறார், உல்லாசத்தையும் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவே அவர் கம்பிவேலி போடவில்லை.

நம் ஊரில் காற்று வாங்கப் போகும் பழக்கத்தை மனிதன் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, சாமிக்கும் கொடுத்தான். மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம், வெயில் காலத்தில் சாமி வந்து குளுமையாக இருப்பதற்கான வசந்த மண்டபம். தை மாதத்தில் சாமி தெப்பக்குளத்தில் மிதந்து சுற்றுகிறார். சித்திரையில் அழகர் மலையை விட்டிறங்கி, வழியெல்லாம் மண்டகப்படியில் தங்கித் தங்கி, ஆற்றுக்கு வருகிறார். சாமிக்கு உல்லாசப் பிரயாணம் என்றால் கூடப் போகிறவனுக்கும் உல்லாசந்தான். கட்டுச்சோறு கட்டி, மாட்டுவண்டி பூட்டி, எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள் வைகை மணலில் இரவெல்லாம் படுத்துக் கிடப்பார்கள். உலகத்தில் எந்தப் பெரிய பூங்காவும் ஓர் இரவில் அத்தனை பேருக்கு அவ்வளவு சுலபமாக இடம் கொடுத்திருக்குமா என்பது சந்தேகம். அந்த மணல் இன்று பெரும்பகுதி போய்விட்டது. மிச்சமிருப்பதன் இரு கரைகளிலும் பல இடங்களில் சுவர் எழுப்பிச் சாலை போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் கவனிக்கவேண்டும். கோவிலில் சாமி கும்பிட்டதும் நேரே வெளியே வந்துவிடக் கூடாது, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்து போகவேண்டும் என்பார்கள். இதற்கு என்ன தத்துவம் சொன்னாலும், அதன் பலன் ஒன்றுதான்: வீட்டில் உட்கார நேரமில்லாத பெண்ணுக்குக் கால்மணி நேரம் உட்கார அனுமதி கிடைத்தது. ஆடி வீதியிலும் குளத்தங்கரையிலும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தால் எனக்கு அதுதான் தோன்றும். பூங்காவில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால் பத்துக் கண் பார்க்கும். கோவிலில் உட்கார்ந்தால் பார்க்காது. அங்கே அவளுக்குச் சாமி ஒரு காரணம்.

ஆனால் இதிலும் ஒரு கசப்பு இருக்கிறது. அந்தக் குளத்தங்கரை எல்லாருக்கும் இருந்ததா? 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதய்யர் ஹரிஜன நண்பர்களை அழைத்துக்கொண்டு உள்ளே நுழையும் வரையில், ஊரில் ஒரு பகுதியாருக்கு அந்த நிழல் கிடையாது. பழைய ஏற்பாடுகளைப் புகழ்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கோவிலையும் குளத்தையும் தாண்டி, நகரசபையின் பொதுப் பூங்கா என்று ஒன்று தேவைப்பட்டதன் நியாயமே இங்கேதான் இருக்கிறது. ஜாதியும் தெய்வமும் காரியமும் கேட்காமல் வரவேற்கும் மரத்தடி அது. அந்த வாக்குறுதியை நம் பூங்காக்கள் எவ்வளவு தூரம் காப்பாற்றியிருக்கின்றன என்பதே விமரிசகன் கேட்கவேண்டிய கேள்வி.

மதுரைக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. 1840-ஐ ஒட்டிய வருஷங்களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். நகரத்தைச் சுற்றிலும் ஒரு வளையமாகப் பெரும் நிலம் கிடைத்தது. அதில் வெளி வீதிகள் வந்தன. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. மனைகளும் வீடுகளும் கடைகளும் வந்தன. நெரிசலில் தவித்த ஊருக்கு அது நன்மைதான். நன்றியுள்ள ஜனங்கள் கலெக்டர் பேரில் விளக்குத்தூண் வைத்தார்கள். ஆனால் அந்த வளையத்தில் ஒரு துண்டைக்கூட மரத்துக்கென்று ஒருவரும் ஒதுக்கிவைக்கவில்லை. ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, 1857-ல், வியன்னாவில் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் தம் நகரத்தின் மதிலை இடிக்க உத்தரவு போட்டார். அங்கேயும் மாளிகைகள் எழுந்தன, மனைகள் விலைபோயின. ஆனாலும் 1862-ல் அந்த வளையத்திலே நகரப் பூங்கா ஒன்றைத் திறந்தார்கள். அதற்கு முன்பே, 1766-ல், அரசர்களின் வேட்டைக்காடாயிருந்த பிராட்டரை எல்லா ஜனங்களுக்கும் திறந்துவிட்ட ஊர் அது. மதில் போன இடத்தில் மரம் வைக்கலாம் என்று அங்கே ஒருவருக்குத் தோன்றியது. இங்கே தோன்றவில்லை. மேலவாசலில் மிஞ்சியிருக்கும் கோட்டைத் துண்டைக் கடந்து பஸ் நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

பூங்காவை உண்டாக்கினால் மட்டும் போதாது, அதைக் காப்பாற்றவும் வேண்டும் என்பதற்குச் சென்னை நல்ல பாடம். 1859-ல் கவர்னர் டிரெவெலியன் முயற்சியில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்று உருவாயிற்று. நூறு ஏக்கருக்கு மேல் பரப்பு. குளங்கள், பாதைகள், பின்னால் ஒரு மிருகக்காட்சிசாலை. பிறகு என்ன நடந்தது? ஒரு மூலையில் விக்டோரியா மண்டபம் வந்தது. இன்னொரு பக்கம் 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-ல் ரிப்பன் மாளிகை வந்தது. விளையாட்டரங்கம் வந்தது. மிருகங்கள் 1985-ல் வண்டலூருக்குக் குடிபோயின. வந்தவை ஒவ்வொன்றும் நல்ல காரியம், பொதுக் காரியம். ஒவ்வொன்றுக்கும் உறுதியான காரணம் இருந்தது. மரத்தடிக்கு மட்டும் காரணம் சொல்ல ஆளில்லை. இன்று பார்க் ஸ்டேஷன் இருக்கிறது, பார்க் டவுன் இருக்கிறது, பார்க்கைத் தேடவேண்டியிருக்கிறது.

மதுரையிலும் கதை வேறில்லை. தல்லாகுளம், சொக்கிகுளம், பீபீகுளம், உலகனேரி என்று பேர்களைச் சொல்லிப் பாருங்கள். பேரிலே குளமும் ஏரியும் இருக்கின்றன. போய்ப் பார்த்தால் தெருவும் கட்டடமும் இருக்கின்றன. ஒரு கண்மாய் என்பது வெறும் தண்ணீரல்ல. கரை, கரையில் ஆலமரம், அரசமரம், ஓர் ஐயனார், மாடு குளிப்பாட்ட ஒரு துறை, சாயங்காலம் கிழவர்கள் உட்காரும் மதகுச் சுவர் எல்லாம் சேர்ந்தது. கண்மாயை மூடியபோது அத்தனையும் போயின. பதிலுக்குப் பூங்கா என்று கட்டிக் கொடுத்ததில் மதகுச் சுவர் இல்லை.

தமுக்கம் மைதானமும் அப்படித்தான் சுருங்கியது. பொருட்காட்சியும் பொதுக்கூட்டமும் இல்லாத நாட்களில் அது வெறும் பொட்டலாகக் கிடக்கும். பையன்கள் பந்தடிப்பார்கள். வெறும் பொட்டல் என்றால் நிர்வாகிகளுக்குக் கண் உறுத்தும். அங்கே 2022-ல் பெரிய மாநாட்டு மண்டபம் திறக்கப்பட்டது. மண்டபம் அழகானதுதான். ஆனால் அழைப்பிதழ் இல்லாமல் மாநாட்டுக்குப் போகமுடியாது. பந்தடிக்க அழைப்பிதழ் வேண்டியதில்லை. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எழுதிக்கொள்ளவேண்டும்.

குறைகளை மட்டும் சொல்வது விமரிசனமாகாது. காந்தி அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே உள்ள ராஜாஜி பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் குழந்தைகள் போடும் கூச்சலைக் கேட்டால் எந்தக் கசப்பும் கரைந்துவிடும். ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையின் ஊர் எது, தெரு எது என்ற விசாரம் கிடையாது. விடியற்காலையில் பூங்காக்களில் வட்டம் சுற்றி நடக்கும் உத்தியோகஸ்தர்களையும் நான் கேலி செய்யமாட்டேன். சர்க்கரை வியாதி நம் ஊரில் குறைவா என்ன? ஆனால் நடக்கிறவனும் விளையாடுகிறவனும் ஏற்கெனவே காரணம் உள்ளவர்கள். நான் கேட்பது காரணமில்லாதவனுக்காக.

மாரியம்மன் தெப்பக்குளம் இந்தப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. பக்கத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி. நடுவே மைய மண்டபம். பல வருஷங்கள் வறண்டு, பையன்களின் கிரிக்கெட் மைதானமாகக் கிடந்தது. பிறகு வைகையிலிருந்து வரும் கால்வாயைச் சீர்படுத்தித் தண்ணீர் நிரப்பினார்கள். இப்போது பொழுது சாய்ந்தால் நான்கு கரைகளிலும் ஜனங்கள் வந்து உட்காருகிறார்கள். சுண்டலும் சோளமும் விற்கிறார்கள். சுற்றுச்சுவரில் கையூன்றி நீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. இதைப் பூங்கா என்று திட்டம் போட்டு ஒருவரும் கட்டவில்லை. தண்ணீரை நிரப்பினார்கள், மற்றதை ஜனங்கள் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பூங்கா என்றால் வைகை அணைதான். கணவாய் தாண்டினால் ஆண்டிபட்டி. அங்கிருந்து அணை கூப்பிடு தூரம். 1959-ல் அணையைத் திறந்தபோது, மைசூர்ப் பிருந்தாவனத்தைப் பார்த்து ஆசைப்பட்ட காலத்தின் ரஸனைப்படி, இரு கரையிலும் தோட்டம் போட்டார்கள். படிப்படியான பாத்திகள், சிமெண்டுப் பொம்மைகள், நீர்த்தாரைகள். ரஸிகர்கள் முகம் சுளிக்கலாம். அங்கேயும் வாசலில் சில்லறை வாங்குகிறார்கள். ஆனால் உள்ளே போய்விட்டால் தாராளமான இடம். மொட்டை போட்ட பிள்ளை, புதுப் பெண் மாப்பிள்ளை, தூக்குச்சட்டியில் புளிச்சோறு, பாட்டிக்கு விரிக்க ஒரு சமுக்காளம் எல்லாம் புல்வெளியில் இறங்கிவிடும். ஒருவரும் "புல்லை மிதிக்காதே" என்று விரட்டுவதில்லை.

அங்கே ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். மதுரையிலிருந்து வருகிறவர்கள் பூவையும் பொம்மையையும் பார்ப்பார்கள். உசிலம்பட்டிக்காரர்கள் முதலில் நீர்மட்டத்தைப் பார்ப்பார்கள். முழு அளவு எழுபத்தொரு அடி. ஐம்பத்தெட்டுக் கிராமக் கால்வாய்க்காக எங்கள் பக்கத்தில் எத்தனை வருஷம் ஏங்கினார்கள்! 2018-ல்தான் சோதனையாக அதில் தண்ணீர் விட்டார்கள். அணை ஏறத்தாழ நிரம்பினால்தான் அதற்குப் பங்கு. ஆகவே எங்களுக்கு அந்தத் தண்ணீர் காட்சிப் பொருளல்ல. பிள்ளைக்குப் பலூன் வாங்கிக் கொடுத்தபடியே, "இன்னும் நாலடி ஏறினா நம்ம கண்மாய்க்கு வந்துரும்" என்று கணக்குப் போடுகிறவனுடைய உல்லாசம் தனி ரகம். நல்ல பூங்கா, வருகிறவனுடைய கவலையை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லாது. கவலையோடு உட்காரவும் இடம் கொடுக்கும்.

சமணர் மலையடிவாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி. தாமரைக் குளம், ஆலமரம், ஐயனார் கோவில், மேலே ஆயிரம் வருஷத்துக்கு முன் செதுக்கிய தீர்த்தங்கரர்கள். விடுமுறை நாளில் நகரத்துப் பிள்ளைகள் பாறையில் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். நான் முன்னே சொன்ன கைரேகைச் சட்டம் முதலில் பாய்ந்த ஊர்களில் இதுவும் ஒன்று. எந்த ஊர்க்காரன் வெளியே போகச் சீட்டு வாங்கவேண்டியிருந்ததோ, அந்த ஊர் இன்று வருகிறவர்களுக்கெல்லாம் நிழல் கொடுக்கிறது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியையும் மறக்கக் கூடாது. 2022-ல் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024-ல் அங்கே சுரங்கம் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் ஜனங்கள் கிளம்பினார்கள். 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தாயிற்று. மலையும் சுனையும் யாருடையவை என்று கேட்டால், அங்கே போய் உட்கார்ந்து பழகியவர்களுடையவை என்று அந்த ஜனங்கள் பதில் சொன்னார்கள்.

இனி எதிர்க்கட்சிக்காரரின் வாதத்தையும் கேட்போம். "நாள் முழுவதும் திறந்து வைத்தால் குடிகாரன் வந்து படுப்பான். காதலர்கள் வருவார்கள். சீட்டாடுவார்கள். குப்பை போடுவார்கள். கட்டணம் வைத்தால்தான் நாலு பேர் ஒழுங்காக வருவார்கள்" என்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. பெரியப்பா படுத்திருந்த மரத்தடிக்குக் கொஞ்சம் தள்ளிப் பிளாஸ்டிக் பை கிடந்ததை நானே பார்த்தேன். ஆனால் குப்பை போடுகிறவனுக்காகக் கதவைப் பூட்டினால், குப்பை போடாதவனும் வெளியே நிற்கிறான். ஒருவன் செய்யக்கூடியதற்காக ஒரு கூட்டத்தையே முன்கூட்டித் தண்டிப்பது எந்தச் சட்டத்தின் மனோபாவம் என்று நான் மறுபடி சொல்லவேண்டியதில்லை. காதலர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நாவல் எழுதுகிறவன் அவர்கள்மேல் புகார் கொடுத்தால் அவன் பிழைப்பு என்னாவது? குடிகாரனைத் துரத்தக் காவல்காரர் இருக்கிறார். அவரை வாசலில் உட்காரவைத்து வருகிறவர்களைக் கேள்வி கேட்கச் சொல்வதைவிட, உள்ளே நடமாடச் சொன்னால் பெண்களும் தைரியமாக வருவார்கள். கூட்டம் உள்ள இடந்தான் பத்திரமான இடம். வெறிச்சோடிய பூங்காவில்தான் பயம்.

கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்தபோது நேரே ஊருக்குள் போகவில்லை. மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில், அறவோர் வாழும் இடத்தில் தங்கினார்கள். கண்ணகியை அங்கே விட்டுவிட்டுக் கோவலன் ஊர் சுற்றிப் பார்க்கப் போனான். நடந்து வந்த களைப்பாற, ஊருக்குள் நுழையுமுன் மூச்சு விட, ஓர் இடம் அந்த மதுரையில் இருந்தது. உள்ளே போன பிறகுதான் அவர்களுக்கு ஆபத்து வந்தது. இன்றைக்கும் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் தினமும் காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, கல்யாணப் புடவைக்கு, பிள்ளையின் காலேஜ் சீட்டுக்கு. வந்த காரியம் ஒரு மணி நேரம். காத்திருப்பது ஐந்து மணி நேரம். பூங்காவை உள்ளூர்க்காரனின் காலைநேர நடைக்கும் மாலைநேரக் காற்றுக்கும் என்று மட்டும் நினைத்து நேரம் குறிக்கிறவர்கள், இந்த நடுப்பகல் மனிதனை நினைப்பதே இல்லை. நகரத்துக்கு வேண்டிய அரிசியும் காய்கறியும் பாலும் மல்லிகையும் அவனிடமிருந்து வருகின்றன. அவன் வந்தால் உட்கார இடமில்லை.

பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. பகலிலும் கதவைத் திறந்து வையுங்கள். விளக்குக் கம்பத்துக்கு முன்னால் மரம் வையுங்கள்; விளக்கு அன்றைக்கே எரியும், மரம் பத்து வருஷம் கேட்கும். சாய்ந்துகொள்ள முதுகு வைத்த பெஞ்சு போடுங்கள். குடிதண்ணீர்க் குழாயும் பெண்கள் முகம் சுளிக்காமல் போகக்கூடிய கழிப்பிடமும் வையுங்கள். நீரூற்றுக்குப் பிறகு பணம் ஒதுக்கிக்கொள்ளலாம். இருக்கிற கண்மாய்க்கரையை மதகோடும் மரத்தோடும் இருக்கிறபடியே விட்டுவைத்தால் அதுவே பாதிப் பூங்கா.

மூன்றரை மணிக்குப் பெரியப்பா விழித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். கண்ணில் இன்னும் மருந்தின் கூச்சம் இருந்தது.

"இது யாரு வச்ச மரம்ப்பா?" என்று கேட்டார்.

"தெரியலை பெரியப்பா" என்றேன்.

"யாரா இருந்தாலும் நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஒரு பூங்காவுக்கு இதைவிட நல்ல மதிப்புரை எழுத எனக்குத் தெரியாது.